டுபாக்கூர் வண்டி

எங்கள் கட்டிலுக்கு அடியில் அட்டைப்பெட்டிகள் இருப்பதை ஐப்பசியில் ஒரு நாள் வீடு பெருக்கும்போதுதான் பார்த்தேன். துடைப்பம் எதிலோ முட்டியது. குனிந்து இழுத்தால் புத்தம் புதிய பெட்டிகள், தட்டையாக மடித்துச் சணல் கயிற்றால் கட்டியிருந்தன. நான் வாங்கவில்லை. அப்படியென்றால் என் வீட்டுக்காரர்தான்.

"ஏங்க, இது என்னது?"

காபி குடித்துக்கொண்டிருந்தவர் பேப்பரைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை. "சும்மா வாங்கி வச்சேன். இருக்கட்டும்னு."

"எதுக்கு இருக்கட்டும்?"

"ஒருவேளை அப்படி ஆச்சுன்னா சாமான் கட்டணும்ல."

'அப்படி' என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். அவருடைய அலுவலகம் அடையாற்றில். அங்கே ஒரு சின்னக் குழு. ஓடுகிற வண்டிகள் தங்களுக்குள் சாலைச் செய்தியைப் பரிமாறிக்கொள்ளும் ஏற்பாடு ஒன்றைச் செய்து, அதைத் தெருவில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சோதனை தேறினால் குழு சென்னையிலேயே இருக்கும். தேறாவிட்டால் குழுவைக் கலைத்து ஆட்களைக் குர்கானுக்கு அனுப்பிவிடுவார்கள். அவருக்கு அங்கே நாற்காலி தயார். எனக்கு என்ன இருக்கிறது குர்கானில்? என் கடை கச்சேரி ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் இருக்கிறது. அதை மடித்துச் சணல் கயிறு போட்டுக் கட்ட முடியுமா? பெட்டிகளை மறுபடி கட்டிலுக்கடியில் தள்ளினேன். கொஞ்சம் பலமாகவே தள்ளினேன்.

என் தொழில் பவர் ஆம்ப்ளிஃபையர். செய்வேன், ரிப்பேரும் பார்ப்பேன். கச்சேரி நடக்கும் சபாக்கள், சாந்தோம் பக்கத்துக் கோயில்கள், கல்யாண மண்டபங்கள், மைக் செட்காரர்கள், எல்லாருடைய ஆம்பும் என் மேஜைக்கு வந்து போயிருக்கிறது. பாலிடெக்னிக் முடித்து, கிண்டியில் ஒரு கம்பெனியில் ஈயம் உருக்கிக் கற்றுக்கொண்டு, அந்தக் கம்பெனி மூடியதும் சொந்தமாகக் கடை போட்டவள் நான். புதிதாக வருகிறவர்கள் வாசலில் நின்று, "சார் இல்லீங்களா?" என்பார்கள். "நான்தான் சார், உள்ள வாங்க" என்பேன். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை.

என் கடையில் ஒரு பழக்கம் உண்டு. ரிப்பேர் ஆன ஆம்ப்ளிஃபையரை நேராகக் கொடுத்தனுப்ப மாட்டேன். முதலில் ஊர்வலம் விடுவேன். மேஜைமேல் சமர்த்தாகப் பாடும் ஆம்ப், ஆட்டோவில் குலுங்கிச் சபாவுக்குப் போனதும் தனி ஆவர்த்தனத்தின் நடுவில் செத்துப்போகும். உள்ளே எங்கேயோ ஒரு ஈய ஒட்டு பாதி பிடித்தும் பிடிக்காமலும் இருக்கும், அவ்வளவுதான். அது சாகிறதாக இருந்தால் என் வேனுக்குள்ளேயே சாகட்டும் என்று, ஆம்பை வேனில் ஏற்றி, இன்வெர்ட்டரில் மாட்டி, மாட வீதிகளைச் சுற்றிக்கொண்டு வருவேன். மயிலாப்பூரில் எல்லாச் சாமியும் ஊர்வலம் போகிறது, என் ஆம்ப் போகக்கூடாதா? 

ஆம்ப் வேலை செய்யவேண்டுமானால் ஸ்பீக்கர் வேண்டும். முழுச் சத்தத்தில் ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு தெருவில் போனால் போலீஸ் பிடிக்கும். அதற்கும் ஒரு வழி வைத்திருந்தேன். ஒரு பெரிய ஸ்பீக்கர் பெட்டியை மல்லாத்தி, இன்னொன்றை அதன்மேல் குப்புறக் கவிழ்த்து, வாயோடு வாய் வைத்து பெல்ட் போட்டு இறுக்கிவிடுவேன். மேலே இருப்பதற்கு மட்டும் பிளஸ் மைனஸ் ஒயரை மாற்றிக் கொடுப்பேன். ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுத்துக்கொள்ளும். ஆம்ப் முழு மூச்சாக உழைக்கும், வெளியே போர்வைக்குள் இருமுகிற மாதிரிகூடக் கேட்காது. உள்ளே ஓடுவது எப்போதும் ஒரே பதிவு, ஒரு தவில். ஆம்ப்ளிஃபையருக்குத் தவிலைப்போல ஒரு வாத்தியார் கிடையாது. தவிலைத் தாங்கினால் அது எதையும் தாங்கும்.

என் வீட்டுக்காரர் தன் வேலையை எனக்கு விளக்கிச் சொன்ன நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. சாப்பாட்டு மேஜையில் கரண்டிகளை வரிசையாக வைத்துக்கொண்டு பிளாக்செயின் பாடம் நடத்தினார்.

"ஒரு வண்டி பள்ளத்துல விழுது. 'இங்க பள்ளம்'னு அது சொல்லும். அந்தச் சேதி ஒரு இடத்துல இல்ல, எல்லா வண்டிகிட்டயும் ஒரு பிரதி இருக்கும். பின்னால வர்ற வண்டி அதே இடத்துல குலுங்குனா 'ஆமா'ன்னு சொல்லும். முதல் வண்டிக்கு மதிப்பு ஏறும். குலுங்கலன்னா மதிப்பு இறங்கும். எழுதினதை யாராலயும் அழிக்க முடியாது. என்னாலயும் முடியாது."

"இதுக்கா கம்ப்யூட்டரு? எங்க சந்துல இது ரொம்ப நாளா ஓடிக்கிட்டிருக்கே. காலையில குழாயடியில ஒருத்தி ஒண்ணு சொன்னா, சாயந்தரத்துக்குள்ள எல்லா வீட்லயும் ஒரு பிரதி. அழிச்சுப் பாருங்களேன்."

அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "அதேதான். ஆனா உங்க சந்துல பொய் சொன்னாலும் மதிப்பு இறங்காது. இதுல இறங்கும். ஒரு அளவுக்குக் கீழ போயிடுச்சுன்னா, அது சொல்றத யாரும் கேக்கமாட்டாங்க. பின்னால ஒரு வண்டி வந்து ஆமான்னு சொன்னாத்தான் மத்த வண்டிக்குச் சேதியே போகும்."

சோதனைக்கு வண்டிகள் வேண்டியிருந்தன. தெப்பக்குளத்துப் பக்கம் ஆட்டோ ஸ்டாண்டில் சிலர் ஒத்துக்கொண்டார்கள். சில கம்பெனிக் கார்கள், ஒன்றிரண்டு தண்ணீர் லாரிகள். என் வேனையும் கொடு என்று கேட்டார். கொடுத்தேன். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் தரையில் ஒரு சின்னப் பெட்டியை ஸ்க்ரூ போட்டு முடுக்கினார். குலுக்கலை உணர்ந்து சொல்வது அதன் வேலை. மற்ற வண்டிகளில் டிரைவரின் செல்போன், "முன்னால் பள்ளம்" என்று ஒரு பெண் குரலில் சொல்லும். அந்தக் குரலுக்கு ஆட்டோக்காரர்கள் 'பள்ளத்தம்மா' என்று பேர் வைத்துவிட்டார்கள்.

ஒரு வாரம்கூட ஒழுங்காகப் போகவில்லை. ஆட்டோ ஸ்டாண்டின் தலைவர் என் கடை வாசலில் வந்து ஆட்டோவை நிறுத்தினார். பெரிய மீசை, காக்கிச் சட்டையில் மேல் பட்டன் எப்போதும் திறந்திருக்கும். வெகு காலமாக எங்கள் தெருவில் ஓட்டுகிறவர்.

"இன்னாம்மா, உன் வண்டி இன்னா சொல்லிக்கினு கீது?"

"என்ன சொல்லிச்சு, அண்ணே?"

"மாட வீதில பள்ளமாம். மழைக்கு மின்னாடி புச்சா ரோடு போட்டு தோசக்கல்லு மாதிரி கீது. அதுல போயி பள்ளம், பள்ளம்னு பள்ளத்தம்மா உயிர எடுக்குது. சவாரி கேக்குது, இன்னா நைனா, உன் போனுக்குப் பேய் புடிச்சிகிச்சான்னு. வண்டியாமா அது? டுபாக்கூர் வண்டி."

என் வண்டியை டுபாக்கூர் என்றால் என்னையே சொன்ன மாதிரி. வந்ததே கோபம். "என் வேனு பொய் சொல்லாது. உங்க ஆட்டோவுக்குத்தான் உணர்ச்சி செத்துப்போச்சு" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே கிளம்பிப் போனார். ஆனால் பேர் நிலைத்துவிட்டது. குளத்துப் பக்கம் வேனைத் திருப்பினாலே, "டுபாக்கூர் வருது, ஒத்து, ஒத்து" என்று குரல் கேட்கும்.

என் வீட்டுக்காரர் வேனிலிருந்த பெட்டியைக் கழற்றி வேறு பெட்டி போட்டார். அதுவும் அதையேதான் சொன்னது. குழுவில் எல்லாரும் வந்து குடைந்து பார்த்தார்கள். என் கடை வாசலில் நின்ற வண்டியில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. மாட வீதிக்குப் போனால் பள்ளம். ஆனால் எல்லா நாளும் இல்லை. அதுதான் தலைவேதனை. வேனின் மதிப்பு இறங்கி இறங்கி, தரையைத் தொட்டுவிட்டது.

குர்கானிலிருந்து அவருடைய மேலதிகாரியான ஒரு அம்மா போனில் பேசியதைச் சமையலறையிலிருந்து நானும் கேட்டேன். கோயம்புத்தூர்க்காரர், பேச்சில் மரியாதைக்குக் குறைவில்லை. "வெள்ளிக்கிழமை நாங்க எல்லாம் நேர்ல வர்றோமுங்க. ஒரு வண்டி இப்படிப் பொய்யா அள்ளிக் கொட்டுது, ஏன்னு நமக்கே தெரியலீன்னா, இத எப்படிங்க ஊருக்குக் குடுக்கறது? பேசாம அந்த வேனைச் சோதனையிலிருந்து எடுத்துடுங்களேன்."

"எடுக்கக்கூடாது மேடம்" என்றார் என் வீட்டுக்காரர். "நமக்குப் பிடிக்காத வண்டிய நாமளே எடுத்துட்டா, அப்புறம் யாரும் அழிக்க முடியாதுன்னு நாம சொல்றதுக்கு என்ன அர்த்தம்?"

"சரிங்க. அப்ப ஏன்னு கண்டுபிடிங்க."

போனை வைத்துவிட்டு அவர் நேராகப் படுக்கையறைக்குப் போனார். கட்டிலுக்கடியில் பெட்டிகள் சரிகிற சத்தம் கேட்டது. எத்தனை இருக்கிறது, போதுமா என்று பார்த்திருப்பார். மார்கழிக்கு முன்னால் சபாக்களின் ஆம்ப்ளிஃபையர்கள் எல்லாம் என் கடையில் வந்து குவிகிற காலம். அடுத்த மார்கழிக்கு நான் எங்கே இருப்பேன்? இந்த மனுஷன் இல்லாமல் இங்கேயா, இந்தக் கடை இல்லாமல் அங்கேயா? மாதாவே, இரண்டில் எதையும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் ஒரு சபாவின் ஆம்பை ஊர்வலம் விடக் கிளம்பினேன். அவரும் போனை வைத்துக்கொண்டு பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். "நான் கூட வர்றேன். என்னதான் நடக்குதுன்னு பாக்குறேன்" என்றார். பின்னால் ஸ்பீக்கர் பெட்டிகள் வாயோடு வாய் வைத்து முணுமுணுத்துக்கொண்டிருந்தன. நான் வண்டி ஓட்டும்போது செருப்பைக் கழற்றிவிடுவேன். வெறுங்காலில்தான் எனக்கு கிளட்ச் பேசும்.

தெற்கு மாட வீதிக்குத் திரும்பினால், முன்னால் சாமி புறப்பாடு. முன்னே போகவும் முடியாது, பின்னே வரவும் முடியாது. கூட்டத்தோடு கூட்டமாக நடை வேகத்தில் ஊர்ந்தோம். நாதஸ்வரமும் தவிலும் எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தன. என் வீட்டுக்காரர் மடியில் இருந்த போன், வேனின் பெட்டி பதிவதையெல்லாம் அவருக்கு மட்டும் சொல்லும் சோதனை போன், "முன்னால் பள்ளம்" என்றது. புது ரோடு, வழவழவென்று இருக்கிறது. "முன்னால் பள்ளம்" என்றது மறுபடி. அவர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார்.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. வெளியே தவில்காரர் மூன்று மூன்றாக வாசித்துக்கொண்டு போகிறார். அது காதில் விழுகிறது. என் இடது உள்ளங்காலில் வேறொரு தவில் ஓடுகிறது. அது நான்கு நான்காகப் போகிறது. காது ஒரு கணக்குச் சொல்கிறது, கால் ஒரு கணக்குச் சொல்கிறது. வெளித் தவில் தரை வழியாக வருவதாக இருந்தால் இரண்டும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? காலை எடுத்து மறுபடி வைத்தேன். நான்கேதான். முத்தாய்ப்புக்கு முன்னால் ஒரு இடத்தில் கொஞ்சம் தாமதித்து விழும் அடி. அது எனக்குத் தெரிந்த அடி. என் பதிவுத் தவில்.

"ஏங்க, செருப்பக் கழட்டுங்க."

"எதுக்கு?"

"கழட்டுங்கன்னா கழட்டுங்க. தரையில கால வையுங்க. இப்ப போனப் பாருங்க."

கீழே கால் வைத்தார். போனைப் பார்த்தார். காலில் பெரிய அடி விழுகிறபோதெல்லாம் போனில் ஒரு பள்ளம் பதிந்தது. அவர் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார். நான் ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டு சிரித்தேன். சாமி பார்க்க வந்த ஒரு மாமி, வேனுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்து போனார்.

விஷயம் இதுதான். மேலே உள்ள ஸ்பீக்கர் இழுக்கும்போது கீழே உள்ளது தள்ளுகிறது. அதனால் இரண்டுக்கும் நடுவில் காற்று நசுங்குவதில்லை, வெளியே சத்தம் வருவதில்லை. ஆனால் அதற்கு விலை, இரண்டு கூம்பும் ஒரே பக்கமாக ஓடுகின்றன. இரண்டும் மேலே போகும்போது, கனமான இரண்டு பெட்டியும் சேர்ந்து வேனின் தரையைக் கீழே உதைக்கின்றன. சத்தத்தை நான் ஒழித்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். அது காதுக்கு வராமல் தரைக்குப் போயிருக்கிறது. ஊர்வலம் விடும் நாட்களில் மட்டும் பள்ளம் வந்ததற்கும், கடை வாசலில் நின்றால் வராததற்கும் வேறு காரணம் தேட வேண்டியதில்லை. என் வேன் ஒரு பொய்யும் சொல்லவில்லை. அது குலுங்கியது, குலுங்கியதைச் சொன்னது.

"அப்படிச் சொல்லு" என்றார் அவர். ரொம்ப நாள் கழித்து அந்த முகத்தில் வெளிச்சத்தைப் பார்த்தேன். அடுத்த நிமிஷமே அணைந்தது. "ஆனா மதிப்பு தரையில இருக்கே. வெள்ளிக்கிழமை அவங்க பாக்குறப்போ என்ன சொல்றது?"

"ஏத்தி விடுங்க. நீங்க எழுதின சட்டம்தானே."

"அதனாலதான் முடியாது. கையால ஏத்த அதுல வழியே வைக்கல. வேனே போயி உண்மையச் சொல்லணும். மத்த வண்டி ஆமான்னு சொல்லணும்."

"அவ்வளவுதானே" என்றேன். "சென்னையில பள்ளத்துக்கா பஞ்சம்?"

முதலில் தரையைச் சரி செய்யவேண்டும். ஸ்பீக்கர் பெட்டிகள் ஒரு பலகைமேல் இருந்தன. பலகைக்கும் தரைக்கும் நடுவில் காற்றடைத்த ரப்பர் இருந்தால் உதை கீழே இறங்காது. வியாழக்கிழமை விடிந்ததும் ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போய்த் தலைவரிடம், "அண்ணே, பழைய டியூப் இருந்தா குடுங்க" என்றேன்.

"எதுக்கு? டுபாக்கூர் வண்டிய ஆத்துல வுடப் போறியா?"

வேனில் ஆம்பை ஓடவிட்டு, "ஏறி நில்லுங்க, செருப்பு இல்லாம" என்றேன். ஏறினார். கொஞ்ச நேரம் அசையாமல் நின்றார். மீசைக்குள் சிரிப்பு கிளம்பியது.

"அடப்பாவமே. வண்டிக்குள்ள கச்சேரி வச்சிகினு ஊரையே ஆட்டி வச்சிக்கினு இருந்தியா?"

டியூபுகள் வந்தன. அரைக் காற்று அடைத்துப் பலகைக்கடியில் வைத்ததும் என் காலில் தவில் நின்றுவிட்டது. பெட்டிகளின் இடுக்கில் காதை வைத்தால் மட்டும் உள்ளே வாசித்துக்கொண்டிருந்தது. பிறகு மெதுவாக மற்ற விஷயத்தை எடுத்தேன். நான் இன்றைக்கு முழுக்கப் பள்ளம் தேடிப் போகிறேன், ஸ்டாண்டு வண்டிகள் பின்னாலேயே வந்து ஆமாம் என்று சொன்னால் மதிப்பு ஏறும், என்றேன். அவர் முகம் மாறியது.

"அது முடியாதும்மா. சவாரிய வுட்டுட்டு உன் பின்னால வர முடியாது. எங்களுக்கு ஒரு வழி கீது, அந்த வழில போவோம். உன் பள்ளம் எங்க வழில இருந்து, வண்டி குலுங்குனா ஆமான்னு அதுவே சொல்லும். இல்லன்னா இல்ல. ஓசில சர்டிபிகேட் குடுக்க மாட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. கடுகடுவென்று வண்டியை எடுத்தேன். ஆனால் மந்தைவெளி தாண்டுவதற்குள் அவர் சொன்னதுதான் நியாயம் என்று தோன்றிவிட்டது. ஓசியில் வாங்கின நல்ல பேரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

"ஆம்ப ஆஃப் பண்ணிடேன்" என்றார் என் வீட்டுக்காரர். அன்றைக்கு லீவு போட்டுவிட்டு என்னோடு வந்திருந்தார்.

"ஆஃப் பண்ணிட்டு உண்மை சொல்றதுல என்ன பெருமை? ஓடட்டும்."

அப்படி ஒரு நாளை நான் வாழ்ந்ததில்லை. ஆயுசு முழுக்கப் பள்ளத்தைப் பார்த்து ஒதுங்கி ஒதுங்கி ஓட்டினவள், அன்றைக்கு ஒரு பள்ளத்தையும் விடவில்லை. மந்தைவெளியில் பஸ் திரும்பும் இடத்துப் பள்ளம். லஸ் மூலையில் பைப் போட்டு மூடி, மூடினது மறுபடி உள்வாங்கின பள்ளம். தேனாம்பேட்டை சிக்னலில், எல்லாரும் சாமியைச் சுற்றுகிற மாதிரி வலம் வரும் பள்ளம். தி.நகரில் எத்தனை என்று கேட்காதீர்கள். அடையாறு பாலம் இறங்கினதும் ஒன்று, இடுப்பை ஒடித்துவிட்டது. ஒவ்வொன்றிலும் 'டொம்' என்று விட்டு, "வாடா ராஜா" என்றேன். அவர் ஒரு கையால் மேல் கைப்பிடியையும் ஒரு கையால் போனையும் பிடித்துக்கொண்டு, "தண்ணி லாரி ஆமான்னுடுச்சு. ரெண்டு ஆட்டோ ஆமான்னுடுச்சு" என்று கத்திக்கொண்டே வந்தார். கல்யாணமான புதிதில் ஊர் சுற்றினபோதுகூட நாங்கள் இப்படிச் சிரித்ததில்லை.

பொழுது சாய்ந்தபோது மதிப்பு நிறைய ஏறியிருந்தது. ஆனால் அவர் சொன்ன அந்த அளவைத் தொடவில்லை. நூலிழைதான் பாக்கி. மழை பிடித்துக்கொண்டது, வீட்டுக்கு வந்துவிட்டோம். "பரவாயில்ல. ஏன்னு கண்டுபிடிச்சாச்சுல்ல, அதச் சொல்றேன்" என்றார். ஆனால் படுக்கப்போகும்போது அவர் கண் கட்டிலுக்கடியில் போனதை நான் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமையும் மழை விடவில்லை. அவர் அலுவலகக் காரில் மேலதிகாரி அம்மாவையும் மற்றவர்களையும் ஏற்றிக்கொண்டு, சோதனை வண்டிகள் ஓடும் தெருக்களைக் காட்டக் கிளம்பியிருந்தார். எனக்கு தி.நகரில் ஒரு மண்டபத்துக்கு ஆம்ப் கொடுக்கவேண்டியிருந்தது. ஊர்வலமும் ஆச்சு, டெலிவரியும் ஆச்சு என்று அதை ஓடவிட்டபடியே போனேன். மண்டபத்துக்கு முந்தின தெருவில் முழங்கால் தண்ணீர். ஒரு வண்டிகூட இல்லை. மெதுவாக ஊர்ந்து போனேன். நடுத்தெருவில் முன்சக்கரம் 'தொபுக்'கென்று எங்கேயோ போய்விட்டது. வேன் மூக்கைக் குத்திக்கொண்டு சாய்ந்தது. வாய்க்கால் மேல் போட்டிருந்த மூடி தண்ணீருக்கடியில் உள்ளே விழுந்திருக்கிறது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை, சமமாகத் தண்ணீர் நிற்கிறது. வேன் விழுந்த பள்ளம் அகலமானது. பின்னால் வருகிறவர்கள் ஏதோ வண்டி தண்ணீரில் நின்றுவிட்டது என்று பக்கத்தில் ஒதுங்கிப் போகப் பார்ப்பார்கள். ஒரு ஆட்டோ விழுந்தால் குடை சாய்ந்துவிடும்.

கதவைத் திறந்தால் தண்ணீர் உள்ளே வரும். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். தெரு முனையில் ஆட்டோவின் விளக்கு ஒன்று என் பக்கமாகத் திரும்புகிறது. கையை ஆட்டினேன். மழையில் யாருக்குத் தெரியும்? என் வேன் 'பள்ளம்' என்று சொல்லியிருக்கும், அது எனக்குத் தெரியும். ஆனால் அது டுபாக்கூர் வண்டி. அந்த அளவைத் தாண்டாத வண்டி. அது சொன்னது ஆட்டோவுக்குப் போயே இருக்காது. ஆரனை அழுத்தினேன். தி.நகரில் யார் ஆரனைக் கேட்டு நின்றிருக்கிறார்கள்?

ஆட்டோ தண்ணீருக்குள் இறங்கியது. கொஞ்ச தூரம் வந்தது. நின்றது. மெதுவாகப் பின்னால் போய், திரும்பி, பக்கத்துத் தெருவுக்குள் போனது. அதற்குப் பின்னால் இன்னொரு ஆட்டோ முனைக்கு வந்தது. அது இறங்கவேயில்லை, நேராகப் பக்கத்துத் தெருவுக்குத் திரும்பியது. ஒரு தண்ணீர் லாரி வந்து திரும்பியது. அதற்கும் பின்னால் ஒரு வெள்ளைக் கார். அந்தக் காரை எனக்குத் தெரியும். அதுவும் முனையில் நின்று, திரும்பியது. சாய்ந்த வேனில், ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நான் ஓவென்று அழுதேன். சிரித்தேன் என்றும் சொல்லலாம். மழைச் சத்தத்தில் எனக்கே சரியாகத் தெரியவில்லை.

முதலில் வந்த ஆட்டோவின் சொந்தக்காரர் பேண்ட்டைத் தொடைவரை மடித்துக்கொண்டு, சுவரோரமாகத் தண்ணீரில் நடந்து வந்தார். திறந்த பட்டன், நனைந்த மீசை. ஸ்டாண்டுத் தலைவர்.

"இன்னாம்மா, நீயா உள்ள கீற? பள்ளத்தம்மா சொல்லிச்சு, மின்னால பெரிய பள்ளம்னு. யார் வண்டி சொல்லுதுன்னு பாத்தேன். உன் வண்டி. நம்பி நிறுத்திட்டேன். சவாரில ரெண்டு புள்ளைங்க இருந்துச்சு."

"என் வண்டி சொன்னா உங்களுக்கு எப்படிண்ணே கேட்டுச்சு? ராத்திரி வரைக்கும் கொஞ்சம் குறைச்சலா இருந்துதே."

அவர் மீசையைத் துடைத்துக்கொண்டார். "காலைல மந்தவெளி பள்ளத்துல வுட்டேன். எப்பவும் ஒதுங்கித்தான் போவேன். இன்னிக்கு ஒதுங்கல. சவாரி கண்டபடி திட்டிச்சு."

"ஓசில சர்டிபிகேட் குடுக்க மாட்டேன்னீங்க."

"ஓசியா? பள்ளம் இருந்துச்சு, வுழுந்தேன். என் வண்டி ஆமான்னு சொல்லிச்சு. இதுல ஓசி எங்க கீது?"

தலைவர் போன் போட்டு வரவழைத்த ஸ்டாண்டு ஆட்கள் கயிறு கட்டி வேனை இழுத்துக் கரை சேர்த்தார்கள். அந்த வெள்ளைக் கார் சுற்றிக்கொண்டு வந்து மண்டபத்து வாசலில் நின்றது. முதலில் என் வீட்டுக்காரர் குதித்து ஓடிவந்தார். "அடி பட்டுச்சா? எங்கயாவது வலிக்குதா?" என்று என் கையையும் தலையையும் தடவிப் பார்த்தார். ஊரார் பார்க்கிறார்களே என்று அவருக்குத் தோன்றவேயில்லை. பின்னால் மேலதிகாரி அம்மா குடையோடு இறங்கினார். சேறும் தண்ணீருமாக நின்ற வேனை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"இதுதானுங்களா அந்த வேனு?"

"இதுதான் மேடம்" என்றேன். "டுபாக்கூர் வண்டி."

"நாங்க கார்ல பேசிட்டே வந்தோமுங்க. இவர் காரணத்தையெல்லாம் சொல்லிட்டு வந்தார். எனக்குப் பாதிதான் நம்பிக்கை வந்துச்சு. அப்ப எங்க டிரைவர் போன் சொல்லுச்சு, டிரைவர் திருப்பிட்டார். திருப்பலீன்னா நாங்க எல்லாம் இப்ப அதுக்குள்ள இருந்திருப்போம்." குடையை என் தலைக்கு மேலும் நீட்டினார். "உங்க வீட்டுக்காரரு எங்கயும் வர வேண்டாமுங்க. குழு இங்கயே இருக்கட்டும். இந்த வேனும் இருக்கட்டும்."

நான் அவருக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எனக்கு வேறொரு கவலை. வேனின் பின்கதவைத் திறந்து, ஸ்பீக்கர் பெட்டிகளின் இடுக்கில் காதை வைத்தேன். அப்படி விழுந்த பிறகும், கயிற்றில் இழுத்த பிறகும், உள்ளே தவில் ஒரு அடி தப்பாமல் ஓடிக்கொண்டிருந்தது. மண்டபத்து ஆள் எட்டிப் பார்த்து, "சார் வரலீங்களா? ஆம்ப் ரெடியா?" என்று கேட்டார்.

"நான்தான் சார். ரெடி" என்றேன். "இதைவிடப் பெரிய ஊர்வலம் இதுக்குக் கிடைக்காது. எடுத்துக்குங்க."

ராத்திரி சாப்பாடு முடிந்ததும் நான் கட்டிலுக்கடியில் குனிந்து, பெட்டிகளைக் கயிற்றோடு வெளியே இழுத்தேன். அவர் கத்தியை எடுத்து வந்து சணலை அவரே அறுத்தார். நல்ல கனமான அட்டை, வீணாக்க மனசு வரவில்லை. அந்த மார்கழியில் சபாக்களுக்குப் போன ஆம்ப்ளிஃபையர் எல்லாம் அந்தப் பெட்டிகளில்தான் போயின.